அறுபதுக்கு மேல ஐரோப்பா: வியன்னால இருந்து டிரியெஸ்டே வரைக்கும் ஒரே ரயில் பாதை, நாலு ஊர், நாலு வாரம்

ரிடையர் ஆனதும் ஐரோப்பா பாக்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேரு முதல்ல பண்றது, 12 நாள்ல 7 நாடு காட்டுற பேக்கேஜ்ல பணத்த கட்டிடுறதுதான். காலைல ஆறரைக்கு பெட்டிய ரூம் வாசல்ல வைக்கணும், ஏழரைக்கு பஸ், வழியில ஒரு சர்ச், மத்தியானம் ஒரு டவர், சாயங்காலம் இன்னொரு நாடு. முப்பது வயசுல பரவால்ல. அறுபது தாண்டின முட்டிக்கும் முதுகுக்கும் அது தண்டனை, அத விட பெரிய நஷ்டம் திரும்பி வந்தப்புறம் எந்த ஊர்ல என்ன பாத்தோம்னு போட்டோவ பாத்தாதான் ஞாபகம் வரும்.

இந்த வயசுல நம்மகிட்ட தாராளமா இருக்கிறது நேரம் மட்டும்தான். லீவு லெட்டர் குடுக்க வேண்டாம், பசங்க ஸ்கூல் திறக்குற தேதி பாக்க வேண்டாம். அப்புறம் எதுக்கு ஓடணும்? ஒரு ஊர்ல ஒரு வாரம் பத்து நாள் தங்கினா நாலாவது நாள்லேருந்து அந்த ஊர் நம்மள ஏத்துக்க ஆரம்பிக்கும், பேக்கரிக்காரம்மா நம்ம முகத்த பாத்து தலையாட்டும், எந்த பெஞ்சுல எப்ப வெயில் வரும்னு தெரியும். அந்த நாலாவது நாளுக்காகத்தான் நான் போறேன்னு சொல்லலாம்.

அதனால இங்க ஒரே ஒரு பாதைய மட்டும் எடுத்துக்கிறேன். ஆஸ்திரியா பேரரசு இருந்தப்ப தலைநகரம் வியன்னாவையும் அதோட துறைமுகம் டிரியெஸ்டேயையும் இணைக்க போட்ட தெற்கு ரயில்பாதை, 1857ல கடல் வரைக்கும் போயி முடிஞ்சது. அன்னிக்கு ஒரே ராஜ்யம், இன்னிக்கு அதே பாதை ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலின்னு மூணு நாட்டுல ஓடுது. வியன்னா 10 நாள், கிராட்ஸ் 4 நாள், லியுப்லியானா ஒரு வாரம், டிரியெஸ்டே ஒரு வாரம். எந்த ரயில் பயணமும் ஏறக்குறைய மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும், மலை, ஆறு, சுண்ணாம்புக்கல் பீடபூமி, கடைசியா கடல்னு தானா மாறிக்கிட்டே வரும்.

எப்ப போகலாம்

ஏப்ரல் கடைசிலேருந்து ஜூன் பாதி வரைக்கும், இல்லன்னா செப்டம்பர் முழுக்கவும் அக்டோபர் முதல் பாதியும். ஜூலை ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் வெயில்ல வளந்தவங்களுக்கு என்னன்னு நினைக்கக்கூடாது, அங்க பழைய கட்டடங்கள்ல ஏசி கிடையாது, பல வீட்டுல ஃபேன் கூட இருக்காது, 35 டிகிரில மூணாவது மாடி ரூம்ல படுத்தா தூக்கம் போயிடும். மே மாசத்துல வியன்னாவுல எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், சாயங்கால நடைக்கு அது பெரிய வசதி. டிரியெஸ்டேல குளிர்காலத்துல போரான்னு ஒரு காத்து அடிக்கும், மலைலேருந்து கடல பாத்து பாயும், ஆளையே தள்ளிடும், நம்ம வயசுல அந்த சீசன தவிர்த்துடுங்க.

விசா வேலை, பொறுமையா

மூணு நாடும் ஷெங்கன் பகுதிக்குள்ள வருது, ஒரே விசா போதும். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறோமோ அந்த நாட்டுகிட்டதான் விண்ணப்பிக்கணும், நம்ம கணக்குல ஆஸ்திரியா 14 நாள், அதனால ஆஸ்திரியா விசா. கிளம்புற தேதிக்கு 6 மாசம் முன்னாடிலேருந்து போடலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடி போட்டே ஆகணும், ஆனா கோடைக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே கஷ்டம், மூணு நாலு மாசம் முன்னாடி ஆரம்பிச்சிடுங்க. கட்டணம் 2024 ஜூன்லேருந்து 90 யூரோ, சேவை மையத்தோட சார்ஜ் தனி. பாஸ்போர்ட் கடைசி 10 வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், திரும்பி வர்ற தேதிக்கு அப்புறமும் 3 மாசம் செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும்.

சம்பள சர்டிபிகேட் இல்லையேன்னு ரிடையர் ஆனவங்க பயப்படுறாங்க. பென்ஷன் ஆர்டர், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், எஃப்டி ரசீது, சொந்த வீடு இருந்தா அதோட பேப்பர், இதெல்லாம் சேர்த்து வெச்சா போதும். பசங்க செலவு பண்றாங்கன்னா அவங்க கையெழுத்து போட்ட லெட்டரும் அவங்க கணக்கும் வேணும். கூடவே ஒரு பக்கத்துல கவர் லெட்டர் எழுதுங்க: எந்த தேதில எந்த ஊர், எதுக்கு, எப்ப திரும்புவோம், இங்க நமக்கு என்ன இருக்கு. மெதுவா நாலு ஊர் மட்டும் பாக்குற பிளான் அதிகாரிக்கு சட்டுன்னு புரியும். கைரேகை ஒரு தடவை குடுத்தா 59 மாசத்துக்கு திரும்ப உபயோகிச்சுக்குவாங்க.

டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம், குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவ கவர். ஆனா இந்த 30,000 விசாவுக்கான குறைந்தபட்சம்தான், நம்ம வயசுக்கு அதோட நிறுத்தாதீங்க. ஏற்கனவே இருக்கிற பிபி, சுகர், இதய நோய்க்கு கவர் உண்டான்னு பாலிசில அந்த பத்திய கண்ணால படிங்க, வாங்கித்தர்றவர் வாயால சொல்றத நம்பி கையெழுத்து போடாதீங்க. சுகர் இருக்கிறத மறைச்சு வாங்குற பாலிசி ஆஸ்பத்திரி வாசல்ல உதவாது.

விமானமும் ரயிலும்

டிக்கெட் போடறப்ப போக வர ஒரே ஊருக்கு எடுக்காதீங்க, மல்ட்டி சிட்டின்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், வியன்னால இறங்கி வெனிஸ்லேருந்து ஏறுற மாதிரி எடுங்க. துபாய், தோஹா வழியா ரெண்டு ஊருக்கும் இணைப்பு இருக்கு. நடுவுல மூணு மணி நேரமாச்சும் இடைவெளி வெச்சுக்குங்க, வீல்சேர் உதவி டிக்கெட் போடும்போதே கேளுங்க. நடக்க முடியுற ஆளு எதுக்கு வீல்சேர்ன்னு கூச்சப்படுறவங்க இருக்காங்க, நடக்க முடியுறது வேற, ராத்திரி முழுக்க தூங்காம ரெண்டு கிலோமீட்டர் ஏர்போர்ட்ல வேகமா நடக்குறது வேற.

பல நாட்டு ரயில்லயும் செல்லுற யூரெயில் பாஸ்ல 60 வயசுக்கு மேல 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, ஆனா நம்ம பாதைக்கு பாஸே தேவையில்ல, மொத்தமே மூணு பெரிய ரயில்தான். ஆஸ்திரியா ரயில்வேயோட ஆப்ல ஸ்பார்ஷீனன்னு ஒரு சலுகை டிக்கெட் இருக்கும், எவ்வளவு முன்னாடி எடுக்கிறீங்களோ அவ்வளவு குறைவு, ஆனா அந்த ரயில்லதான் போகணும், பணம் திரும்ப வராது. சீட் ரிசர்வேஷன் தனியா சில யூரோ கேட்கும், குடுத்துடுங்க, நின்னுக்கிட்டு போற வயசு இல்ல.

இன்னொரு விஷயம் பல பேருக்கு தெரியாது. ஐரோப்பிய யூனியன் விதிப்படி, நடக்க சிரமப்படுறவங்க 24 மணி நேரம் முன்னாடி சொன்னா ரயில்ல ஏத்தி இறக்கி விடுறதுக்கு ஸ்டேஷன்ல இலவசமா உதவி உண்டு. வயசான காரணத்தால சிரமம்னாலும் அதுல அடங்கும். கேட்டு வாங்குங்க.

பெட்டி ஆளுக்கு ஒண்ணு, 10 கிலோ. நாமளே தலைக்கு மேல தூக்கி வைக்க முடியாத பெட்டி நம்ம பெட்டி இல்ல. நாலு செட் துணி போதும், தங்குற வீட்டுல வாஷிங் மெஷின் இருக்கிற மாதிரி பாத்து எடுங்க. புது ஷூ வாங்கி அப்படியே பிளேன் ஏறாதீங்க, ரெண்டு மாசம் முன்னாடியே போட்டு பழகுங்க, தினம் ஐயாயிரம் அடி நடக்க ஆரம்பிங்க, வியன்னா கல்லு பாவின தெருவெல்லாம் கால பதம் பாக்கும்.

மருந்து, உடம்பு

எங்க வீட்டுக்காரருக்கு சுகர், எனக்கு முட்டி. அதனால இது ரொம்ப யோசிச்சு வெச்சிருக்கிற பகுதி.

மருந்து முழுக்க கைப்பையில, செக்-இன் பெட்டில ஒரு மாத்திரை கூட வேண்டாம். போற நாளுக்கு மேல பத்து நாளுக்கு கூடுதலா எடுத்துக்குங்க. டாக்டர்கிட்ட கம்பெனி பேர் இல்லாம மருந்தோட ஜெனரிக் பேர் போட்ட சீட்டு ஒண்ணு ஆங்கிலத்துல டைப் பண்ணி வாங்குங்க, ஏன்னா நம்ம பிராண்ட் பேர் அங்க யாருக்கும் தெரியாது. இன்சுலின் வெச்சிருந்தா தனி லெட்டர். இங்க மாதிரி கடைக்காரர்கிட்ட கேட்டு ஆன்டிபயாடிக் வாங்க முடியாது, சீட்டு இல்லாம குடுக்கவே மாட்டாங்க. மருந்துக்கடைக்கு இத்தாலி ஸ்லோவேனியாவுல பச்சை சிலுவை, ஆஸ்திரியாவுல சிவப்பு கலர்ல ஏ எழுத்து. அவசரத்துக்கு மூணு நாட்டுலயும் 112.

தண்ணிக்கு காசு குடுக்காதீங்க. வியன்னா குழாய்ல வர்றது ஆல்ப்ஸ் ஊத்துத் தண்ணி, 1873லேருந்து மலைலேருந்து குழாய் வழியா வருது, வியன்னாவ விட்டு கிளம்பினதும் நம்ம ரயில் போற அந்த மலைப்பக்கந்தான். தெருவுல குடிதண்ணி குழாய் இருக்கும், பாட்டில் வெச்சுக்குங்க. டாய்லெட்டுக்கு ஸ்டேஷன்ல 50 சென்ட், ஒரு யூரோன்னு சில்லறை வேணும், கழுவ தண்ணி இருக்காது, சின்ன பாட்டில் ஒண்ணு பையில எப்பவும் இருக்கட்டும். மியூசியம், காபி கடைன்னு எங்க உள்ள போனாலும் வெளிய வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க, தேவையோ இல்லையோ.

எல்லாத்துக்கும் மேல ஒரு விதி: ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம். காலைல மியூசியம்னா சாயங்காலம் பார்க் பெஞ்சு. நடுவுல வீட்டுக்கு வந்து படுக்கணும். இத விட்டுட்டா நாலு வாரம் தாங்காது.

வீடும் சாப்பாடும்

சமையலறை இருக்கிற சின்ன அபார்ட்மென்ட் எடுங்க. பாக்க வேண்டியது மூணுதான்: லிஃப்ட் இருக்கா (பழைய கட்டடத்துல லிஃப்ட்டுக்கே ஆறு படி ஏற வேண்டியிருக்கும், வீட்டுக்காரங்ககிட்ட எழுதி கேளுங்க), குளிக்கிற இடம் தொட்டியா தரைமட்டமா, டிராம் ஸ்டாப் எவ்வளவு தூரம். தொட்டிக்குள்ள கால தூக்கி வெச்சு குளிக்கிறதுதான் நம்ம வயசுக்கு பெரிய ஆபத்து.

அரிசி, மைசூர் பருப்பு, தயிர், முட்டைக்கோஸ், தக்காளி எல்லா சூப்பர் மார்க்கெட்டுலயும் இருக்கு. பொடி, ஊறுகாய், கொஞ்சம் பெருங்காயம் மட்டும் கொண்டுபோனா ராத்திரி ரசம் சாதம் ரெடி. ஆஸ்திரியாவுலயும் ஸ்லோவேனியாவுலயும் ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வெச்சுடுங்க, மறந்துட்டா வியன்னா மெயின் ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற கடை திறந்திருக்கும். சைவக்காரங்க வெளிய சாப்பிடறப்ப சூப்ப நம்பாதீங்க, காய்கறி சூப்புன்னு போட்டிருந்தாலும் இறைச்சி வேகவெச்ச தண்ணில பண்ணியிருக்கலாம், கேளுங்க. கெய்சர்ஷ்மாரன்னு கிழிச்சுப் போட்ட இனிப்பு அடை மாதிரி ஒண்ணு வரும், முட்டை சாப்பிடுறவங்களுக்கு ஒரு தட்டு ரெண்டு பேருக்கு தாராளம்.

வியன்னா

முதல் ரெண்டு நாள் எதுவும் பண்ணாதீங்க. வார பாஸ் எடுத்துட்டு ரிங் ரோட்டுல ஓடுற டிராம்ல உக்காருங்க. பழைய கோட்டைச் சுவர இடிச்சுட்டு போட்ட ரோடு, 1865ல திறந்தாங்க, பார்லிமென்ட், ஓபரா, மியூசியம் எல்லாம் ஜன்னல்லயே வந்து போகும்.

அப்புறம் காபி ஹவுஸ். கஃபே ஸ்பெர்ல் 1880லேருந்து இருக்கு, கஃபே சென்ட்ரல் 1876லேருந்து, சென்ட்ரல் வாசல்ல எப்பவும் கியூ நிக்கும், அதனால ஸ்பெர்லுக்கு போங்க. மெலாஞ்ச்னு கேட்டா நுரை போட்ட பால் காபி, சின்ன உலோகத் தட்டுல, பக்கத்துல ஒரு கிளாஸ் தண்ணியோட வரும். விலை அதிகம்னு தோணும், ஆனா அந்த காசுக்கு அந்த மேசை நம்மளுது, ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் எழுந்திருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, வியன்னா காபி ஹவுஸ் பழக்கத்தையே 2011ல ஆஸ்திரியா தன்னோட மரபுரிமைப் பட்டியல்ல சேத்திருக்கு. இத்தன வருஷம் வீட்டுல எல்லாருக்கும் காபி கலந்து குடுத்துட்டு கடைசியா ஆறினத நின்னுக்கிட்டே குடிச்ச என் மாதிரி பொம்பளைங்களுக்கு, ஒருத்தர் தட்டுல வெச்சு கொண்டு வந்து குடுத்துட்டு நம்மள தனியா விட்டுட்டுப் போறது என்னன்னு சொல்லிப் புரிய வைக்க முடியாது. தனியா வர்ற பெண்கள் தயங்காம போங்க. அங்க அறுபது எழுபது வயசு பெண்கள் தனியா பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது ரொம்ப சாதாரணம், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

கலை வரலாற்று மியூசியத்துக்கு, அதாவது குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ், ஒரு முழு காலைய ஒதுக்குங்க, ஆனா எல்லா ஹாலையும் பாக்காதீங்க. நேரா ப்ரூகெல் ஹாலுக்குப் போங்க. பீட்டர் ப்ரூகெலோட ஓவியங்கள் உலகத்துலயே அதிகமா இங்கதான் இருக்கு. 1565ல அவர் வருஷத்தோட பருவங்கள வெச்சு ஒரு வரிசை வரைஞ்சார், இன்னிக்கு மிஞ்சினது அஞ்சு, அதுல மூணு இங்க. பனில வேட்டையாடிட்டு திரும்புற படம்தான் எல்லாருக்கும் தெரியும், எனக்குப் பிடிச்சது மாடு திரும்புற படம்: இலையுதிர் காலம், வானம் கருக்குது, மேய்ச்சல்லேருந்து மாட்ட ஓட்டிக்கிட்டு ஆளுங்க கீழ கிராமத்துக்கு வர்றாங்க. முன்னாடி சோபா இருக்கு. உக்காந்து அரை மணி நேரம் பாருங்க. சின்ன வயசுல இந்த படம் எனக்கு ஒண்ணும் சொல்லியிருக்காது, வேலை முடிஞ்சு வீடு திரும்புற நேரம்னா என்னன்னு இந்த வயசுலதான் உடம்புல தெரியுது. செப்டம்பர்லேருந்து மே வரைக்கும் திங்கக்கிழமை மியூசியம் லீவு, 65 தாண்டினவங்களுக்கு சலுகை உண்டு, பாஸ்போர்ட் காப்பி காட்டுங்க.

ஓபராவுக்கு டிக்கெட் விலை பாத்து பயந்தீங்கன்னா, ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பர் மாசங்கள்ல பல நாள் ஸ்டேட் ஓபரா வெளிச்சுவர்ல பெரிய திரை வெச்சு உள்ள நடக்கிறத அப்படியே இலவசமா காட்டுவாங்க, நாற்காலி கூட போட்டிருப்பாங்க. சால்வை எடுத்துக்குங்க, ராத்திரி குளிரும்.

ஒரு நாள் காலைல 71 நம்பர் டிராம் ஏறி சென்ட்ரல் ஃப்ரீட்ஹோஃப் போங்க. 1874ல திறந்த பெரிய கல்லறைத் தோட்டம். இன்னிக்கு வியன்னாவுல உயிரோட இருக்கிறவங்கள விட இங்க அடங்கினவங்க அதிகம். ரெண்டாவது கேட்ல இறங்கினா பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ்னு பெரிய இசையமைப்பாளர்கள் எல்லாரும் ஒரே வட்டத்துல, மொசார்ட்டுக்கு நினைவுச்சின்னம் மட்டும்தான், அவர புதைச்சது வேற இடத்துல. உள்ளயே பஸ் ஓடுது, நடக்க முடியலன்னா ஏறிக்கலாம். டூர் வந்த இடத்துல எதுக்கு சுடுகாடுன்னு எங்க வீட்டுக்காரரும் கேட்டார். ஆனா அங்க பேரன் பேத்தியோட செடிக்கு தண்ணி ஊத்த வர்றவங்கள, பெஞ்சுல உக்காந்து சாண்ட்விச் சாப்பிடுற கிழவர பாத்தப்ப எனக்கு பயம் ஒண்ணும் வரல. எங்கம்மா போனப்புறம் நான் ஒரு இடத்துல கூட நிதானமா உக்காந்து அவங்கள நினைச்சதில்ல, காரியம், விருந்தாளி, பேப்பர் வேலைன்னு ஓடிப்போச்சு. யாரும் தெரியாத ஊர்ல, யாரோட கல்லறைக்கோ பக்கத்துல உக்காந்துதான் அத பண்ணேன். உங்களுக்கும் அப்படி பாக்கி வெச்ச துக்கம் இருந்தா இந்த காலைய திட்டத்துல சேத்துக்குங்க.

செம்மெரிங் தாண்டி கிராட்ஸ்

வியன்னாலேருந்து கிராட்ஸ் ரெண்டரை மணி நேரம் கொஞ்சம் மேல. பகல் ரயில், ஜன்னல் சீட், தூங்கக்கூடாது. குளோக்னிட்ஸ் தாண்டினதும் ரயில் வேகம் குறைஞ்சு வளைஞ்சு வளைஞ்சு ஏற ஆரம்பிக்கும், அதுதான் செம்மெரிங் மலைப்பாதை. 1848ல ஆரம்பிச்சு 1854ல முடிச்ச 41 கிலோமீட்டர், 14 சுரங்கம், 16 பெரிய பாலம், கட்டினவர் கார்ல் ஃபொன் கேகா. வேலை ஆரம்பிச்சப்ப இந்த மேட்டுல ஏறக்கூடிய எஞ்சினே உலகத்துல இல்ல, பாதை போட்டுக்கிட்டே எஞ்சினுக்கு 1851ல போட்டி வெச்சாங்க. கிட்டத்தட்ட 20,000 பேர் வேலை பாத்திருக்காங்க, டைபஸ்லயும் காலராவுலயும் நூத்துக்கணக்குல செத்தாங்க. 1998ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. கீழ ஒரு நீளமான சுரங்கம் தோண்டிக்கிட்டு இருக்காங்க, அது திறந்தா வேகமான ரயிலெல்லாம் மலைக்குள்ள போயிடும், அதனால இந்த ஜன்னல் காட்சிய இப்பவே பாத்துடுங்க.

கிராட்ஸ்ல அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, நல்ல விதமாத்தான் சொல்றேன். ஷ்லோஸ்பெர்க் குன்றுக்கு படி ஏறாதீங்க, பாறைக்குள்ள லிஃப்ட் இருக்கு, இன்னொரு பக்கம் 1894லேருந்து ஓடுற மலை ரயில் இருக்கு. மேல மணிக்கூண்டுல பெரிய முள்ளு மணி, சின்ன முள்ளு நிமிஷம், தலைகீழ். 1809ல நெப்போலியன் படை கோட்டைய இடிக்கச் சொன்னப்ப ஊர் ஜனங்க காசு குடுத்து இந்த மணிக்கூண்ட காப்பாத்திக்கிட்டாங்க. கெய்சர் யோசெஃப் சந்தைல காலைல கிராமத்துலேருந்து வந்து விப்பாங்க, பூசணி விதை எண்ணெய் கரும்பச்சையா இருக்கும், உருளைக்கிழங்கு சாலட்டுல ஊத்தி சாப்பிடுங்க. இது ஓய்வெடுக்கிற ஊரு, துணி துவைங்க, பசங்ககிட்ட பேசுங்க.

லியுப்லியானா

கிராட்ஸ்லேருந்து மாரிபோர் வழியா மூணு மணி நேரம் கொஞ்சம் கூட ஆகலாம். ஸ்லோவேனியாவுல பாதை வேலை அடிக்கடி நடக்கும், நடுவுல கொஞ்ச தூரம் பஸ்ல ஏத்துவாங்க, முந்தின நாள் ஆப்ல பாத்துக்குங்க. எல்லைல முன்ன மாதிரி கண்டுக்காம விடுறதில்ல, இப்ப சில வருஷமா போலீஸ் ஏறி பாஸ்போர்ட் கேட்கலாம், ஒரிஜினல் கைல இருக்கணும்.

முதியவங்களுக்கு இத விட வசதியான தலைநகரம் நான் பாத்ததில்ல. 2007லேருந்து பழைய ஊர் நடுவுல கார் கிடையாது. நடக்க முடியாதவங்களுக்கு கவலீர்னு சின்ன எலக்ட்ரிக் வண்டி, இலவசம், கை காட்டினா நிக்கும். கோட்டைக்கு மலை ரயில். ஆத்தங்கரை முழுக்க உக்கார இடம்.

இந்த ஊர் இப்படி இருக்கிறதுக்கு பெரும்பகுதி காரணம் யோஷே ப்ளெச்னிக்னு ஒரு கட்டடக்கலைஞர். 1872ல இங்க பொறந்து, வியன்னால ஓட்டோ வாக்னர்கிட்ட படிச்சு, பிராக்ல வேலை பாத்துட்டு, 1921ல சொந்த ஊருக்கு திரும்பி வந்தப்ப வயசு 49. அன்னிக்கு கணக்குக்கு பாதி வாழ்க்கைக்கு மேல முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த ஊர கட்டினார். ஏற்கனவே இருந்த பாலத்துக்கு ரெண்டு பக்கமும் நடக்குறவங்களுக்குன்னு ரெண்டு பாலம் சேத்து மூணா ஆக்கினது அறுபது வயசுல. ஆத்தோரமா தூண் வெச்ச மார்க்கெட் எழுபதுல. பழைய மடத்த திறந்தவெளி அரங்கமா மாத்தின கிரிஷாங்கே எண்பதுல. 1957ல போயிட்டார், 2021ல யுனெஸ்கோ இதையெல்லாம் பட்டியல்ல சேத்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு இடமா, அவர் கட்டின வரிசைலயே பாருங்க: மூணு பாலம், மார்க்கெட், கிரிஷாங்கே. கடைசியா த்ர்னோவோல அவர் வீடு, இப்ப மியூசியம், முன்கூட்டியே நேரம் பதிவு பண்ணணும். ரிடையர் ஆனதும் இனி என்னன்னு உக்காந்திருக்கிறவங்க இந்த மனுஷனோட ஊர்ல ஒரு வாரம் நடந்தா நல்லதுன்னு எனக்கு உறுதியா தோணுது.

பிளெட் ஏரிக்கு பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம், ஏரிய சுத்தி 6 கிலோமீட்டர் சமதளம், பாதி நடந்துட்டு திரும்பினாலும் குறையில்ல. குகை பாக்கணும்னா போஸ்தோய்னா போங்க, உள்ள 1872லேருந்து ரயில் ஓடுது, நடக்க வேண்டியது ஒண்ணரை கிலோமீட்டர்தான், 10 டிகிரி குளிரு, ஸ்வெட்டர் வேணும். ஷ்கொச்யான் குகை அத விட பிரமாண்டம், ஆனா நூத்துக்கணக்குல படி, முட்டி வலி இருந்தா வேண்டாம்.

நடுவுல ஒண்ணு, தம்பதியா போறவங்களுக்கு

முப்பது வருஷம் ஒருத்தர் ஆபீஸ் இன்னொருத்தர் ஸ்கூல்னு இருந்துட்டு, திடீர்னு 24 மணி நேரமும் ஒரே சின்ன ரூம்ல ரெண்டு பேர் மட்டும் இருக்கிறது சாதாரண விஷயம் இல்ல. பத்தாவது நாள் வாக்குல சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வரும், உப்பு, சாவி, எந்தப் பக்கம் திரும்பணும். வாரத்துல ரெண்டு காலை தனித்தனியா போங்க. அவர் ரயில் மியூசியம் போகட்டும், நீங்க சந்தைக்கு போங்க, ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு இ-சிம், வீட்டு அட்ரஸ் எழுதின சீட்டு பர்ஸ்ல. மத்தியானம் திரும்பி வந்து என்ன பாத்தோம்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்றப்ப, எங்களுக்கு கல்யாணமான புதுசுல சாயங்காலம் பேசிக்கிட்ட பேச்சு திரும்பக் கிடைச்சுது. ராத்திரி ஒரு நோட்டுல அன்னிக்கு மனசுல நின்ன ஒரே ஒரு விஷயத்த மட்டும் எழுதுங்க, ரெண்டு பேரும் தனித்தனியா. பாத்த இடத்தோட பட்டியல் வேண்டாம், அது கூகுள்லயே இருக்கும்.

டிரியெஸ்டே

லியுப்லியானாலேருந்து நேரடி ரயில் இருந்தா அதுலயே போங்க, நேரம் ஒத்து வரலன்னா பஸ் சீக்கிரமா போயிடும். பீடபூமிலேருந்து இறங்குறப்ப திடீர்னு கீழ கடல் தெரியும், அதுக்காகவே ரயில்.

பாக்க வேண்டிய லிஸ்ட் நீளமா இல்லாத ஊரு, நம்ம பயணம் முடியுறதுக்கு சரியான இடம். மூணு பக்கம் மாளிகை, நாலாவது பக்கம் நேரா கடல்னு ஒரு சதுக்கம், பியாட்சா யுனிட்டா. பக்கத்துலயே மோலோ அவுதாச்சே, கடலுக்குள்ள 246 மீட்டர் நீளுற கல் மேடை, கைப்பிடி கிடையாது, ஓரமா நடக்காதீங்க. சாயங்காலம் ஊரே அங்க நடக்கும். 6 நம்பர் பஸ்ல மிரமாரே கோட்டை: 1856ல பேரரசரோட தம்பி மாக்ஸிமிலியன் கட்ட ஆரம்பிச்சார், அனுபவிக்க நேரம் இல்ல, 1864ல மெக்ஸிகோவுக்கு பேரரசரா போனார், 1867ல அங்கயே சுட்டுக் கொன்னுட்டாங்க. தோட்டம் இலவசம், கோட்டைக்குள்ள போகலன்னாலும் தோட்டத்துல ஒரு காலைப்பொழுது போங்க.

காபி இங்க தனி கணக்கு. காபின்னா துறைமுகத்துல கப்பல்ல வந்து இறங்குற சரக்கு, ஊரே அதுல வாழ்ந்தது. நேரோன்னா வெறும் எஸ்பிரஸ்ஸோ, காப்போன்னா கொஞ்சம் பால் சேத்தது, காப்போ இன் பின்னா அதே கண்ணாடி கிளாஸ்ல. நின்னு குடிச்சா ஒரு விலை, உக்காந்தா கூட. 1914ல திறந்த கஃபே சான் மார்கோவுல உக்காந்து குடிங்க, உள்ள புத்தகக்கடையும் இருக்கு.

ரிசியேரா தி சான் சாப்பாவும் இங்கதான் இருக்கு, அரிசி ஆலையா இருந்தத நாஜிகள் கொலைமுகாமா மாத்தி, எரிக்கிற உலையும் வெச்சிருந்தாங்க. 1975லேருந்து நினைவகம். அழகான ஊர்ல எதுக்கு இதுன்னு தோணலாம், போயிட்டு வாங்க. ஆனா அன்னிக்கு வேற எதுவும் வைக்காதீங்க.

வெனிஸ் ரெண்டு மணி நேரம், காலைல போயி சாயங்காலம் வரலாம், பாலத்துக்கு பாலம் படி, அதனால படகு பாஸ் எடுத்து படகுலயே சுத்துங்க. பேப்பர் டிக்கெட்னா இத்தாலில ரயில் ஏறுறதுக்கு முன்னாடி மெஷின்ல முத்திரை குத்தணும், இல்லன்னா ஃபைன்.

கிளம்புறதுக்கு முந்தின நாளும், வந்தப்புறமும்

விமானத்துக்கு முந்தின ராத்திரி வெனிஸ் மெஸ்த்ரே பக்கம் தங்கிடுங்க, அன்னிக்கு காலைல டிரியெஸ்டேலேருந்து ரயில் பிடிச்சு ஓடுறது வேண்டாம். ஏடிஎம்ல பணம் எடுக்கும்போது ரூபாய்ல கணக்கு போடவான்னு கேட்டா வேண்டாம், யூரோன்னு அமுக்குங்க, இது முதல் நாளுக்கும் பொருந்தும்.

ஊருக்கு வந்து ஒரு வாரத்துக்கு கல்யாணம், டாக்டர் செக்கப், பேரன் பிறந்தநாள்னு எதையும் ஒத்துக்காதீங்க. அந்த வாரத்துலதான் நோட்ட எடுத்து படிக்கணும். போட்டோ ஆயிரக்கணக்குல இருக்கும், முப்பது மட்டும் பிரிண்ட் போட்டுட்டு மத்தத தூக்கி வெச்சிடுங்க.

போர்டிங் பாஸ், தங்கின ரசீது, இன்சூரன்ஸ் காப்பி எதையும் கிழிச்சுப் போடாதீங்க. 2025 அக்டோபர்லேருந்து ஐரோப்பா எல்லைகள்ல முத்திரைக்கு பதிலா கம்ப்யூட்டர்ல முகத்தையும் வருகையையும் பதியுற முறை வந்துடுச்சு, பாஸ்போர்ட்ல நாம போயிட்டு வந்த அடையாளம் இருக்காது, அதனால பேப்பர் நம்ம கைல இருக்கிறது நல்லது. மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்கா உபயோகிச்சிருந்தா, இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு அடுத்தது ரெண்டு வருஷ மல்ட்டிபிள் விசா குடுக்கலாம்னு 2024 ஏப்ரல்ல விதி வந்திருக்கு, அதுக்கப்புறம் பாஸ்போர்ட்ல காலம் இருந்தா அஞ்சு வருஷம். ஒரு தடவைல எல்லா நாட்டையும் பாத்துடணும்னு ஓடாம இருக்கிறதுக்கு இந்த விதியே பெரிய உதவி, இந்த வருஷம் இந்த ரயில் பாதை, அடுத்த வருஷம் வேற ஒண்ணுன்னு எடுத்துக்கலாம். எங்க வீட்டுக்காரர் இப்பவே போர்ச்சுகல் ரயில் மேப்ப விரிச்சு வெச்சு உக்காந்திருக்கார், அங்க 65 வயசு ஆனவங்களுக்கு ரயில்ல பாதி டிக்கெட்.